உமையாள் ஆச்சிக்கு நரைத்த கதை

செலின் அக்கா சின்ன வெங்காயம் உரித்தபடியே என் கதையைப் படித்து அழுதுகொண்டிருந்தாள். அது நான் எழுதியது என்று அவளுக்குத் தெரியாது. அது சிரிப்புக் கதை என்பதும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குக் கட்டிப்போன சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம். பக்கத்தில் தரையில் வாரப் பத்திரிகை. காற்றுக்குப் பக்கம் புரளாமல் இருக்க அதன் ஓரத்தில் உப்புச் சாடி. அடுப்பில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. நான் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, எந்த வரியில் சிரிக்கப் போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணில் நீர் வந்தபோது வெங்காயம் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சியபோதும் வெங்காயம்தான் என்று தேற்றிக்கொண்டேன். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "மாதாவே, இப்புடியும் ஒரு பொம்பளையா!" என்று முந்தானையில் முகத்தைப் புதைத்தபோதுதான் அது வெங்காயம் இல்லை என்று தெரிந்தது.

"என்னாத்தா ஆச்சு?" என்று உள்ளறையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"கதைப்பா. உமையாள் ஆச்சின்னு ஒருத்தி. தம்பி தங்கச்சிக்காகக் கண்ணையே புடுங்கிக் குடுக்குறா."

"குடுப்பா. மூத்தவன்னா குடுக்கத்தான் செய்வா" என்றார் அப்பா. "கறி வெந்துருச்சா பாரு."

முதல் கதை எது?

முதன்முதலாகப் பரிசு வாங்கிய கதையைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். "அதுதான் நீங்கள் எழுதிய முதல் கதையா?" என்று சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மேடைகளில் நான் அப்படித்தான் சொல்லி வருகிறேன். சால்வை போர்த்துகிற இடத்தில் இதையெல்லாம் சொன்னால் சால்வையைத் திரும்பக் கேட்பார்கள்.

உண்மையில் முதல் கதை, செலின் அக்கா அழுத இந்தக் கதைதான். பெயர் "உருகி உருகி ஒரு மெழுகு". எழுதியவர் கண்ணீர்மதி.

கண்ணீர்மதி என்ற பெயரைப் பார்த்ததுமே ஆசிரியருக்கு இது கேலி என்று புரிந்துவிடும் என நம்பினேன். அந்தப் பத்திரிகையில் அப்போது எழுதிக்கொண்டிருந்தவர்களின் புனைபெயர்களை ஒழுங்காகக் கவனித்திருந்தால் அந்த நம்பிக்கை வந்திருக்காது. அவர்கள் நடுவில் கண்ணீர்மதி கொஞ்சம் உற்சாகமான ஆள் மாதிரி தெரிந்தாள்.

காபி குடிக்காதவர்கள்

தொண்ணூறுகளின் தொடக்கம். கேபிள் டிவி காரைக்குடிக்குள் வந்துவிட்டது, எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. அதனால் அழுவதற்கு நாங்கள் புத்தகங்களையே நம்பியிருந்தோம். பஸ் ஸ்டாண்டுக் கடையில் மாத நாவல்கள் கயிற்றில் வரிசையாகத் தொங்கும். அட்டையில் ஒரு பெண், கன்னத்தில் ஒரு சொட்டு. அந்தச் சொட்டை மட்டும் எல்லா ஓவியர்களும் பிரமாதமாக வரைவார்கள்.

செலின் அக்கா ஒன்றையும் விடமாட்டாள். அவள் படித்து முடித்ததும் நான் படிப்பேன். அவளுக்கு அழுகை, எனக்கு ஆராய்ச்சி. கதாநாயகி கைக்குட்டையில் இருமினால் அடுத்த அத்தியாயத்தில் ரத்தம். பிரிய வேண்டிய நாளில் மழை; எங்கள் ஊரில் ஆடு மாடு கருகிக் கிடக்கும் சித்திரையிலும் அவர்களுக்கு மழை. யாருக்கும் பல் வலிக்காது. எந்தக் கதாநாயகியும் ஒரு டம்ளர் காபியை உட்கார்ந்து குடித்ததாக நான் படித்ததே இல்லை. போட்டு, ஆற்றி, எல்லோருக்கும் கொடுப்பாள். அவள் குடித்தால் எழுத்தாளருக்குச் செலவு போல.

இத்தனைக்கும் மேலே ஒரு ராணி உண்டு. அவள்தான் தியாகம் செய்யும் மூத்த மகள். சம்பாதிப்பாள், கல்யாணம் பண்ணிக்கொள்ள மாட்டாள், சாம்பல் நிறச் சேலை கட்டுவாள். கடைசிப் பக்கத்தில் குடும்பமே அவள் காலில் விழும். எழுந்த பிறகு அந்தக் குடும்பம் அவளுக்கு என்ன செய்தது என்று எந்த நாவலிலும் எழுதியிருக்காது. பக்கம் முடிந்துவிடும்.

செலின் அக்கா ஒருநாள் தன் பச்சைச் சேலையைத் தம்பி ஜெரோமின் மெத்தைக்கு உறையாகத் தைத்துப் போட்டுவிட்டு, சாம்பல் நிறத்தில் ஒன்று வாங்கினாள். நான் பயந்துபோனேன்.

கோவில் வாசலில் ஒரு மெழுகுவர்த்தி

எங்கள் அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துபோனார். அப்பா அரசாங்க ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா தேவகோட்டையில் டீச்சர். ஜெரோம் பாலிடெக்னிக்கில் படித்தான். நான் தேவகோட்டையிலேயே கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டில் எரிந்த அடுப்பு அக்காவின் சம்பளத்தில் எரிந்தது.

அப்பா கெட்டவர் இல்லை. வசதி தெரிந்தவர். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் யாராவது, "மூத்தவளுக்கு ஒண்ணும் பாக்கலையா?" என்று கேட்டால், வானத்தைப் பார்ப்பார். "நான் என்ன செய்ய? அது கேக்க மாட்டேங்குது. தம்பி தங்கச்சிதான் உசிருங்குது. எங்க வீட்டு மெழுகுவர்த்திங்க அது" என்பார். கேட்டவர் கண் கலங்கிப் போவார். மெழுகுவர்த்தி பக்கத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கும். அதன் முகத்தில் ஒரு பெருமை.

அந்தப் பெருமைதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பா சொன்னது பாதிப் பொய். அக்கா தானாகத்தான் வேண்டாம் என்றாள். ஆனால் அந்த "வேண்டாம்" அவளுடைய சொல் இல்லை. கயிற்றில் தொங்கும் அந்தப் புத்தகங்களின் சொல். யாரோ சென்னையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியதை, தேவகோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற ஒருத்தி வாழ்ந்துகொண்டிருந்தாள்.

வசந்தா டீச்சருக்குக் கிடைத்த இடம்

அமலதாஸ் சார் அக்காவின் பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்களோடுதான் காலையில் தேவகோட்டை பஸ் ஏறுவார். பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் தன் சாப்பாட்டுப் பையை ஒரு சீட்டில் போட்டுவிடுவார். துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களுக்கு நடுவில் சாப்பாட்டுப் பை போடுகிறவர் அவர் ஒருத்தர்தான். ரசம் ஊற்றும் என்ற கவலை கிடையாது. ஏறியதும் பையை எடுத்துக்கொண்டு, "டீச்சர், இங்குட்டு வாங்க" என்பார். அக்கா ஜன்னலோரம், பக்கத்தில் நான். அவர் கம்பியைப் பிடித்தபடி ஊர் வரை நிற்பார். காதல் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாம் அந்தப் பைதான் சொன்னது.

ஒருநாள் வாயைத் திறந்து கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசட்டுமா என்றார். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே உரக்கடை. அதைப் பார்த்துக்கொண்டே எழுத்துத் தமிழில் சொன்னாள்:

"என் வாழ்க்கையில் வசந்தத்துக்கு இடமில்லை, சார்."

அமலதாஸ் சார் எட்டி முன்னால் பார்த்தார். "வசந்தா டீச்சருக்கு அப்பவே எடம் கெடச்சுருச்சே டீச்சர். அந்தா, டிரைவருக்குப் பின்னாடி இருக்காக."

நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அவர் விடவில்லை. எங்கள் பங்குக் கோவில் திருவிழா நெருங்கும்போது மறுபடியும் வந்தார். "எங்க அம்மா வேற பொண்ணு பாத்துட்டாக. திருவிழாவுக்குள்ள நான் ஒரு பதில் சொல்லணும். சரியின்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி, நேராச் சொல்லிருங்க" என்றார்.

அக்காவுக்கு அவரைப் பிடிக்கும். அவர் வராத நாளில் அவள் சாப்பாடு பாதி திரும்பி வரும். ஆனாலும் நல்ல மனிதரை மறுத்தால்தானே தியாகம்? பிடிக்காதவரை மறுத்தால் யார் காலில் விழுவார்கள்?

கிட்னியிலிருந்து தொடங்கினேன்

எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "உனக்குப் புரியாதுடி" என்றாள். நாவல்களில் தங்கைகளுக்குப் புரியாது, அது சட்டம். அவளுக்குப் புரிகிற பாஷையில்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு தியாகக் கதை எழுதுவது, அதைப் படித்து அவள் வயிறு வலிக்கச் சிரிப்பது, சிரித்த வாயோடு அமலதாஸ் சாருக்குச் சரி சொல்வது. பத்தொன்பது வயதில் இலக்கியத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

கிறிஸ்தவக் குடும்பத்தை எழுதினால் அக்காவுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அதனால் கதையை வீட்டுக்காரர்கள் பக்கம் தள்ளினேன். நாங்கள் குடியிருந்தது ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டு. வீட்டுக்காரர் சிகப்பி ஆச்சி. அவருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆச்சி என்றால் கிழவி இல்லை. செட்டியார் வீட்டுப் பெண்ணைக் கல்யாணமான மறுநாளிலிருந்தே ஊர் ஆச்சி என்றுதான் கூப்பிடும். அவர்களுக்குள்ளே கூடப்பிறந்த அக்காவும் ஆச்சி. கண்டரமாணிக்கத்திலிருந்து சிகப்பி ஆச்சியின் அக்கா வந்தால், "வா ஆச்சி" என்று இவர் கூப்பிடுவதும், இவரை நாங்கள் ஆச்சி என்பதும், ஒரே கூடத்தில் ஆச்சிகள் பெருகிப்போவதும் வழக்கம். பாட்டிக்கு அவர்களிடம் வேறு சொற்கள் இருக்கின்றன, ஆயா, அப்பத்தா.

"அக்காவ ஆச்சின்னுதான கூப்புடுவீக?" என்று சிகப்பி ஆச்சியிடம் ஒருமுறை உறுதி செய்துகொண்டேன்.

"ஆமா. எதுக்குக் கேக்குறே?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற மூஞ்சியா இது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உமையாள் ஆச்சி பிறந்தாள். இருபத்தேழு வயது, தாய் தகப்பன் இல்லை, வளர்ப்பதற்குத் தம்பி தங்கைகள். முதலில் கல்யாணத்தைக் கொடுத்தாள். அடுத்து தம்பிக்குக் கிட்னி. தங்கைக்கு ஒரு கண். தம்பி மனைவிக்குச் சவுரி வைக்கத் தலைமுடி. நடுவில் மழை, இருமல், கைக்குட்டை. அவளைக் காதலிக்கும் வாத்தியார் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ரோஜாப்பூவோடு வந்து, "காத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். கடைசியில் டாக்டர், "இனி உங்களிடம் கொடுப்பதற்கு இதயம் ஒன்றுதான் மீதி" என்கிறார். தம்பி உருகிப்போய்ச் சொல்கிறான்: "அதையும் குடுத்துருங்க ஆச்சி. ஒரே ஆஸ்பத்திரிச் செலவோட முடிஞ்சுரும்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் முழுக் கதையையும் எழுதினேன். எழுதிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். தபாலில் போட்டேன்.

பத்திரிகையில் வந்தது. "இதயமுள்ளவர்கள் மட்டும் படிக்கவும்" என்று மேலே கட்டம் கட்டியிருந்தார்கள். கடைசி வரியைக் காணோம். அந்த இடத்தில் மூட்டுவலித் தைலம் விளம்பரம். உமையாள் ஆச்சி, "எடுத்துக்கொள்ளுங்கள் டாக்டர்" என்று புன்னகைப்பதோடு கதை முடிந்து, கீழே தைலம் ஆரம்பித்தது.

மறுபடியும் அடுப்படி

இனி வெங்காயத்துக்கு வருகிறேன்.

அப்பா அதற்குள் கறி வாசம் பிடித்து அடுப்படிக்கே வந்துவிட்டார். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே கதையின் முடிவை அவருக்குப் படித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"கேட்டியா ரோசு? இந்தக் காலத்துலயும் இப்புடி எழுதுறாக பாரு" என்றார் என்னிடம். "அந்தப் புஸ்தகத்தக் குடும்மா, சாயந்திரம் நம்ம தெரு அன்பிய செபக் கூட்டத்துல வாசிக்கணும்."

"நாளைக்கு அவருகிட்டச் சொல்லிறப் போறேம்ப்பா" என்றாள் அக்கா.

"எவருகிட்ட?"

"கட்டிக்கிறேன்னு கேட்ட அமலதாஸ் சாருகிட்ட. வேண்டாம்னு."

அப்பா வானத்தைப் பார்க்க நிமிர்ந்தார். அடுப்படியில் வானம் இல்லாததால் புகை படிந்த கூரையைப் பார்த்து, "உன் இஷ்டம் தாயி" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அந்தக் கதையைப் படித்து அழுதவர்களில் காரணத்தோடு அழுதது நான் ஒருத்திதான். பெரிய மனுஷி மாதிரி எழுதப் போய், அக்காவைப் பள்ளத்தில் தள்ள நானே ஒரு கை கொடுத்திருக்கிறேன். அதுவும் உருக்கமாக.

அப்போது பின்வாசல் வழியாகச் சிகப்பி ஆச்சி வந்தார். பத்திரிகை வாங்குகிறவர் அவர்தான். அவர் படித்து முடித்ததும் எங்களுக்கு வரும். மத்தியானத்துக்குள் திருப்பிக் கேட்டு வருவார். அப்பா மரியாதைக்கு எழுந்து வெளியே போனார்.

"என்ன செலினு, அழுதியா? கண்ணு செவந்து கெடக்கு."

"இந்தக் கதையப் படிச்சீகளா ஆச்சி?"

"படிச்சேனே. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு நெஞ்சு அடச்சுப் போச்சு."

அக்கா திடுக்கிட்டுப் பார்த்தாள். தமிழ்நாட்டிலேயே அந்தக் கதைக்குச் சிரித்த ஒரே வாசகர் அவர்தான். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருப்பேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சும்மாதான்" என்று நான் சொன்னது அவர் நினைவுக்கு வந்துவிட்டது தெரிந்தது.

"படத்தப் பாத்தியா?" என்று அக்காவிடம் கேட்டார்.

கதையின் முதல் பக்கத்தில் பாதியளவு படம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு கிழவி. வெள்ளைத் தலை, மூக்குக் கண்ணாடி, குழிந்த கன்னம், பக்கத்தில் சாய்த்து வைத்த கைத்தடி. கட்டிலோரம் ஒரு வாலிபன், சுருட்டை முடியும் கறுத்த மீசையுமாக, ரோஜாப்பூவை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"பாத்தேன் ஆச்சி. உமையாளோட அப்பத்தா போல" என்றாள் அக்கா.

"கதையில அப்பத்தா எங்குட்டு வந்துச்சு?"

அக்கா யோசித்தாள். "வரலைதான்."

"அது உமையாளு."

"என்ன ஆச்சி சொல்றீக? அவளுக்கு இருபத்தேழு வயசு!"

"படம் போடுறவனுக்கு அது தெரியணும்ல? அவன் எந்த ஊர்க்காரனோ. ஆச்சிண்டு எழுதியிருக்கவும் கெழவிண்டு நெனச்சுப்புட்டான்." ஆச்சிக்கு மறுபடியும் சிரிப்பு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டார். "நம்மூருப் பொம்பளைக்கு அங்குட்டு என்ன மரியாதை பாரு. இந்தப் பயலு காத்திருப்பேன் காத்திருப்பேன்ண்டு வாரான், இவ பல்லு போயிக் கெடக்கா!"

கதையின் இரண்டாவது வரியிலேயே அவளுக்கு வயது இருபத்தேழு என்று எழுதியிருந்தேன். ஓவியர்கள் இரண்டாவது வரி வரை வருவதில்லை.

அக்கா சிரிக்கவில்லை. உப்புச் சாடியை எடுத்துவிட்டுப் பத்திரிகையைக் கையில் தூக்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கும் அப்போது இருபத்தேழு.

"ஏன் ஆச்சி" என்றாள். "இவளுக்கு மட்டும் நரச்சுருக்கு. அவரு ஏன் அப்புடியே இருக்காரு?"

"அவனுக்கு என்ன? அங்கிட்டு ஒருத்தியக் கட்டி, வேளாவேளைக்குத் தின்னுட்டு நல்லா இருந்துருப்பான். போற வழியில பூவக் குடுத்துட்டுப் போகலாம்ண்டு வந்துருக்கான்."

அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்து சுர்ரென்றது. அக்கா எழுந்து பார்க்கவில்லை. நான்தான் ஓடிப்போய் இறக்கினேன்.

திங்கட்கிழமை பஸ்

மறுநாள் காலையில் பஸ் வழக்கம்போலத் தாமதம். அக்கா சாம்பல் நிறச் சேலையில்தான் வந்திருந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லப் போகிறாளோ என்று எனக்குப் பயம்.

அமலதாஸ் சார் ஓடினார், பையைப் போட்டார், ஏறினார். "இங்குட்டு வாங்க டீச்சர்" என்றார். அக்கா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்காரப் போனேன்.

"நீ பின்னாடி போடி" என்றாள்.

பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தது முகத்தை இல்லை, தலையை. காதோரத்தில் அவருக்கு ஒன்றிரண்டு நரை இருந்தது.

"ஒக்காருங்க சார். எத்தன காலத்துக்கு நின்னுக்கிட்டே வருவீக?"

அவர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது. அதற்குப் பிறகு அக்கா என்னவோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். நான் பின்னால் நின்றுகொண்டு, ஒரு கூடைக்காரம்மாவின் முருங்கைக்காய் முதுகில் குத்த, எட்டி எட்டிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வாழ்க்கையில் நான் கேட்க விரும்பிய ஒரே காதல் வசனம் பஸ் இரைச்சலில் போயிற்று.

சாயந்திரம் அக்கா அப்பாவிடம் நேராகச் சொன்னாள். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "வேண்டாம்னு சொல்லப் போறேன்னு சொன்னியேம்மா" என்றார்.

"சரின்னு சொல்லிட்டேம்ப்பா."

"தம்பி படிப்பு? ரோசு படிப்பு?"

"கல்யாணம் பண்ணுனாச் சம்பளத்த நிப்பாட்டிருவாகளான்னு அவரு கேக்குறாரு. அது எனக்குத் தோணவே இல்லப்பா."

கணக்கு வாத்தியார்களைக் கதாநாயகர்களாக வைத்து யாரும் நாவல் எழுதாதது ஏன் என்று எனக்கு அப்போது புரிந்தது. முதல் அத்தியாயத்திலேயே கதை முடிந்துவிடும்.

அப்பா கடைசி ஆயுதத்தை எடுத்தார். "அந்த உமையாளப் பாத்தியே நேத்து? தம்பி தங்கச்சிக்காக..."

"பாத்தேம்ப்பா" என்றாள் அக்கா. "படத்தோட பாத்தேன்."

அப்பா அன்று கோபத்தில் சாப்பிடவில்லை. வீட்டில் சாப்பிடவில்லை என்று திருத்திக்கொள்கிறேன். செக்காலை ரோட்டு ஓட்டலில் அவர் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்ததை ஜெரோம் பார்த்திருக்கிறான். திருவிழா முடிந்ததும் கோவிலில் பூசை நடுவே, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவிக்கும் ஓலையை வாசித்தார்கள். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து, "நான்தான் பிடிவாதமாச் சொல்லி ஒத்துக்க வச்சேன்" என்று எல்லோரிடமும் சொன்னார்.

குறியீடு

கண்ணீர்மதிக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்ததாகவும், இதைவிட உருக்கமாக இன்னொன்று வேண்டும் என்றும் ஆசிரியர் எழுதியிருந்தார். நான் அனுப்பவில்லை. இதைவிட உருக வேண்டுமானால் உமையாளிடம் எலும்புதான் பாக்கி.

கல்யாணத்துக்குப் பிறகு அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் நம்பவே இல்லை. "போடி, ஒனக்கு அவ்வளவு உருக்கமா எழுத வராது" என்றாள். விமரிசகர்கள் பல வருடம் கழித்துச் சொன்னதை அவள் அன்றே சொல்லிவிட்டாள்.

என் ஆரம்பக் கதைகள் இப்போது தொகுப்பாக வந்திருக்கின்றன. இந்தக் கதையும் அதில் இருக்கிறது. கண்ணீர்மதி நான்தான் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். முன்னுரை எழுதிய பேராசிரியர் பழைய பத்திரிகையின் படத்தையும் பார்த்திருக்கிறார் போல. இளம்பெண்ணை முதுமையின் உருவில் காட்டியது காலத்தைப் பற்றிய ஆழ்ந்த குறியீடு என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். ஆச்சி என்ற சொல்லை விளக்கி அவருக்கு ஒரு கடிதம் போடலாம் என்று நினைத்தேன். ஆழமானவள் என்ற பெயர் எளிதில் கிடைப்பதில்லை. விட்டுவிட்டேன்.

போன மாதம் அந்தப் புத்தகத்தோடு அக்கா வீட்டுக்குப் போனேன். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நரைத்த தலைக்குச் சாயம் பூசுவதில்லை. அமலதாஸ் சாருக்கு நரைக்க முடியே இல்லை. அவர் உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து, அவளிடம் முதலில் நீட்டினார். அவள் வாங்கி உட்கார்ந்து நிதானமாகக் குடித்தாள்.

குடித்து முடித்துவிட்டுப் புத்தகத்தைக் கேட்டாள். பொருளடக்கத்தில் "உருகி உருகி ஒரு மெழுகு" எங்கே என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் பிரித்தாள். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. முன்னும் பின்னும் புரட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் புரட்டினாள்.

"படம் எங்கடி?"

"புத்தகத்துல படமெல்லாம் போட மாட்டாகக்கா."

அவள் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தாள்.

"அந்தப் படம் இல்லாம இந்தக் கதைய எதுக்குடி போட்டாக?"